வாசகர் கேள்விகள்: டிஜிட்டல் வரைபடத் தரவை எப்படிச் சோதிப்பது?

டிஜிட்டல் வரைபடங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து எட்டுக் கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டுள்ளேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் கைபேசிச் செயலி ஓர் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஏழு தசம இலக்கங்களுடன் காட்டுகிறது. அந்த இடம் சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமாகக் குறிக்கப்பட்டுள்ளது என்று கொள்ளலாமா? (புவியியல் மாணவி ஒருவர்)

பதில்: கொள்ள முடியாது. எத்தனை இலக்கங்கள் எழுதப்பட்டுள்ளன என்பது ஒன்று. அவற்றில் எத்தனை உண்மையில் அளந்து பெறப்பட்டவை என்பது வேறொன்று. அட்சரேகையில் ஒரு பாகை தரையில் ஏறத்தாழ 111 கிலோமீட்டர் ஆகும். அதனால் ஐந்தாவது தசம இலக்கம் ஏறத்தாழ 1.1 மீட்டரையும், ஏழாவது இலக்கம் 1.1 சென்டிமீட்டரையும் குறிக்கும். ஆனால் திறந்த வானத்தின் கீழ் வைத்திருக்கும் கைபேசி பொதுவாக 4.9 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள்தான் இடத்தைக் காட்டும் என்று அமெரிக்க அரசின் ஜி.பி.எஸ். தகவல் தளம் கூறுகிறது. உயர்ந்த கட்டடங்களுக்கும் அடர்ந்த மரங்களுக்கும் இடையே, சமிக்ஞைகள் சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால், பிழை இன்னும் கூடும். ஆகவே உங்கள் செயலி காட்டும் கடைசி இரண்டு இலக்கங்கள் அளவீடாக எந்தத் தகவலையும் தரவில்லை. பழைய பதிவுகளைக் கையாளுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டிருந்தது. அக்காலப் பதிவுகள் நூறு மீட்டர் வரை விலகியிருக்கலாம்.

எண்கள் சரியாகவே இருந்தும் இடம் மாறிப் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஓர் ஆயத்தொலைவு, டேட்டம் எனப்படும் ஆதார அமைப்பு எது என்று சொல்லாத வரையில் பொருள் முழுமை பெறாது. இங்கிலாந்தின் கிரீனிச்சில் பித்தளைக் கோடாகப் பதித்திருக்கும் பழைய சுழியத் தீர்க்கரேகையின் மேல் நின்று ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்தால் அது சுழியத்தைக் காட்டாது. இன்றைய சுழியக் கோடு அங்கிருந்து ஏறத்தாழ 102 மீட்டர் கிழக்கே செல்கிறது. பழைய தொலைநோக்கி அந்த இடத்தின் ஈர்ப்புத் திசையைச் செங்குத்தாகக் கொண்டு நிறுவப்பட்டது. இன்றைய அமைப்போ புவியின் நிறை மையத்தை ஆதாரமாகக் கொண்டது. இரண்டிலும் தவறில்லை, இரண்டையும் கலப்பதுதான் தவறு. நிலத்தட்டுகள் நகர்வதும் கணக்கில் சேரும். ஆஸ்திரேலியா ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் நகர்வதால், அந்நாடு 1994-ஆம் ஆண்டின் ஆதார அமைப்பிலிருந்து 2020-ஆம் ஆண்டின் அமைப்புக்கு மாறியபோது எல்லா ஆயத்தொலைவுகளும் ஏறத்தாழ 1.8 மீட்டர் மாற வேண்டியிருந்தது. கோப்பில் டேட்டத்தின் பெயர் இல்லையென்றால், மற்ற எதையும் சோதிக்கும் முன் அதைக் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: ஒப்பந்ததாரர் ஒருவர் எங்களுக்குச் சாலைகளும் கட்டடங்களும் அடங்கிய தரவுத் தொகுப்பை ஒப்படைத்து, ‘துல்லியமானது’ என்று சான்றும் தந்திருக்கிறார். அதை நாங்களே சோதிக்க வேண்டுமானால் எத்தனை புள்ளிகளை, எப்படிச் சோதிக்க வேண்டும்? (பொறியாளர் ஒருவர்)

பதில்: எண் இல்லாமல் ‘துல்லியமானது’ என்று மட்டும் சொல்லும் சான்று ஒரு சான்றே அன்று. எத்தனை மீட்டருக்குள், எத்தனை விழுக்காடு உறுதியுடன், எதனோடு ஒப்பிட்டு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

அமைவிடத் துல்லியத்தைச் சோதிக்கும் அடிப்படை முறை எளிமையானது. தரவில் ஐயமின்றி அடையாளம் காணக்கூடிய புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அதே புள்ளிகளை அத்தரவைவிடத் தெளிவாக மேம்பட்ட துல்லியம் உடைய, அதனோடு தொடர்பில்லாத வேறொரு மூலத்திலிருந்து அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும். சாலைகள் செங்குத்தாகச் சந்திக்கும் இடமும் கட்டடத்தின் மூலையும் நல்ல புள்ளிகள். வளைந்து பிரியும் பாதையின் ‘நடுப்பகுதி’ நல்ல புள்ளி அன்று. ஏனெனில் அங்கே நாம் அளப்பது தரவின் பிழையையா, நம் கண்ணின் தடுமாற்றத்தையா என்று பிரித்தறிய இயலாது. ‘தொடர்பில்லாத மூலம்’ என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எந்தச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கோடுகள் வரையப்பட்டனவோ அதே படத்தின் மேல் வைத்து அவற்றைச் சரிபார்த்தால், படத்தில் உள்ள விலகல் ஒருபோதும் வெளிப்படாது. இந்தத் தவறு நடைமுறையில் மிகப் பரவலானது.

அமெரிக்காவில் 1998-இல் வகுக்கப்பட்ட தேசிய நெறிமுறை குறைந்தது 20 சோதனைப் புள்ளிகளைக் கேட்கிறது. பரப்பை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு கால்பகுதியிலும் குறைந்தது 20 விழுக்காடு புள்ளிகள் அமைய வேண்டும் என்றும், புள்ளிகளின் இடைவெளி பரப்பின் மூலைவிட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையலாகாது என்றும் அது வழிகாட்டுகிறது. அந்நாட்டின் ஒளிப்பட அளவையியல் சங்கம் 2023-இல் வெளியிட்ட பதிப்பு இந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கையை 30 ஆக உயர்த்தியது. எனக்கு இந்த உயர்வு நியாயமாகவே படுகிறது. 20 புள்ளிகளில் ஒன்றிரண்டு தவறாக அளக்கப்பட்டாலும் முடிவு முழுவதும் ஆட்டம் கண்டுவிடும்.

ஒவ்வொரு புள்ளியின் விலகலையும் வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்தால் சராசரி வர்க்கமூலப் பிழை கிடைக்கும். அது 3.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1998-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி அதை 1.7308-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 6.1 மீட்டர் வரும். அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து புள்ளிகள் 6.1 மீட்டருக்குள் அமையும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் பிழைகள் எல்லாத் திசைகளிலும் சமமாகச் சிதறியிருந்தால்தான் இந்தப் பெருக்கெண் பொருந்தும். ஆகவே எண்ணைக் கணக்கிடும் முன் பிழைகளைச் சிறு அம்புகளாக வரைந்து பாருங்கள். அம்புகள் தாறுமாறாக நின்றால் அது அளவையின் இயல்பான சிதறல். எல்லா அம்புகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், படம் சரியாகப் பொருத்தப்படவில்லை அல்லது டேட்டம் மாறியிருக்கிறது என்று பொருள். அதை ஒரே நகர்த்தலில் சரிசெய்துவிடலாம். மேட்டு நிலங்களில் மட்டும் அம்புகள் நீண்டிருந்தால், சாய்வாக எடுத்த படத்தில் உயரத்தால் ஏற்படும் இடப்பெயர்ச்சி திருத்தப்படவில்லை என்று பொருள். அதை ஒரே நகர்த்தலால் திருத்த முடியாது. சராசரி எண் இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து மறைத்துவிடும் என்பதால்தான் அம்புகளை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

சாலை, ஆறு போன்ற கோடுகளுக்குப் புள்ளிமுறை போதாது. குட்சைல்ட், ஹன்டர் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1997-இல் முன்வைத்த முறையில், நம்பகமான கோட்டின் இருபுறமும் குறிப்பிட்ட அகலத்துக்குப் பட்டை ஒன்று வரைந்து, சோதிக்கும் கோட்டின் நீளத்தில் எத்தனை விழுக்காடு அப்பட்டைக்குள் விழுகிறது என்று கணக்கிடுவார்கள். லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர் ஹக்லே 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை பிரிட்டனின் அரசு நிலஅளவை நிறுவனத்தின் தரவோடு இம்முறையையும் கொண்டு ஒப்பிட்டு, அதன் அமைவிடங்கள் சராசரியாக ஏறத்தாழ 6 மீட்டருக்குள் இருப்பதாகக் கண்டார். அதே ஆய்வு, இடத்துக்கு இடம் தரம் பெரிதும் மாறுபடுகிறது என்றும் காட்டியது. சராசரியை மட்டும் எடுத்துச் சொல்பவர்கள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இவை அமைவிடத்துக்கானவை. சாலையின் பெயர், கட்டடத்தின் பயன்பாடு போன்ற பண்புகளைச் சோதிக்கும்போது ஒரு கணக்கு உதவும். தற்போக்காக எடுத்த 100 பதிவுகளில் ஒரு பிழைகூட இல்லையென்றாலும், மொத்தத் தரவில் 3 விழுக்காடு வரை பிழை இருக்க இடமுண்டு. 300 பதிவுகளில் பிழையே இல்லையென்றால்தான் 1 விழுக்காட்டுக்குக் கீழ் என்று 95 விழுக்காடு உறுதியுடன் சொல்லலாம். பத்துப் பெயர்களைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டு விடாதீர்கள்.

கேள்வி: திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் வரைபடம் மேலும் துல்லியமாகும் அல்லவா?

பதில்: தரவு எந்த அளவீட்டில் முதலில் தொகுக்கப்பட்டதோ அதைத் தாண்டிய துல்லியம் அதற்குள் இல்லை. 1:50,000 அளவீட்டுத் தாளில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். அந்தத் தாளிலிருந்து எண்மமாக்கப்பட்ட கோட்டைத் திரையில் நூறு மடங்கு பெரிதாக்கினாலும் அந்த 25 மீட்டர் ஐயம் அப்படியேதான் இருக்கும்; கோடு மெல்லியதாகத் தெரிவதால் உறுதியானதாகத் தோன்றும், அவ்வளவே. இதற்கு எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. 2014 நவம்பர் 29 அன்று உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் பந்தயத்தில் சென்ற ‘வெஸ்டாஸ் விண்ட்’ என்ற படகு, இந்தியப் பெருங்கடலில் கார்காடோஸ் காராஜோஸ் பவளத்திட்டில் மோதி நின்றது. மின்னணுக் கடல் வரைபடத்தில் அத்திட்டு இருந்தது. ஆனால் தொலைவிலிருந்து பார்க்கும் அளவீட்டில் அது தெளிவாகக் காட்டப்படவில்லை, பெரிதாக்கிப் பார்க்கவும் இல்லை. படகிலிருந்த ஒன்பது பேரும் மீட்கப்பட்டனர். ஆகவே, ஒரு தொகுப்பின் தரத்தைப் பற்றிப் பேசும்போது, எந்த அளவீட்டில் எவை விடுபடும் என்பதும் அதன் ஒரு பகுதியே.

கேள்வி: வரைபடத்தில் ஒரு பகுதி வெறுமையாக இருக்கிறது. அங்கே கட்டடங்களே இல்லையா, அல்லது யாரும் இன்னும் குறிக்கவில்லையா என்பதை எப்படி அறிவது? (பேரிடர் மீட்புத் தன்னார்வலர் ஒருவர்)

பதில்: நான் மிக முக்கியமானதாகக் கருதும் கேள்வி இதுதான், ஏனெனில் பெரும்பாலான வரைபடங்கள் இந்த இரண்டையும் ஒரே வெள்ளை நிறத்தில்தான் காட்டுகின்றன. உயிர் காக்கும் பணியில் இருப்பவருக்கு ‘இல்லை’ என்பதும் ‘தெரியவில்லை’ என்பதும் எதிரெதிரான செய்திகள்.

புவித் தரவின் தரத்துக்கான பன்னாட்டு நெறிமுறையான ஐ.எஸ்.ஓ. 19157, முழுமையை இரு பக்கங்களாகப் பார்க்கிறது: இருக்க வேண்டியது விடுபடுவது ஒன்று, இல்லாதது இடம்பெறுவது மற்றொன்று. விடுபடுவதன் அளவு உலக அளவில் எவ்வளவு சீரற்றது என்பதற்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பற்றிய இரு ஆய்வுகளே சான்று. அதன் சாலைகள் 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி உலக அளவில் ஏறத்தாழ 83 விழுக்காடு முழுமை பெற்றிருந்ததாக 2017-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் நகரங்களின் கட்டடங்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான மற்றோர் ஆய்வு, உலக நகர மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வாழும் நகரங்களில் கட்டடங்களின் முழுமை 20 விழுக்காட்டுக்கும் கீழ் இருப்பதாகக் கண்டது. ஒரே தொகுப்பில் சாலைகளை நம்பலாம், கட்டடங்களை நம்ப முடியாது என்ற நிலை இருக்கலாம் என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. ‘இந்த வரைபடம் முழுமையானதா?’ என்று கேட்பதைவிட, ‘இந்தப் பகுதியில், இந்த வகைப் பொருள் முழுமையானதா?’ என்று கேட்க வேண்டும்.

ஒப்பிட வேறு நம்பகமான மூலம் இல்லாத இடங்களில் சில மறைமுக வழிகள் உதவும். முதலாவது, தரவின் வரலாறு. அப்பகுதியில் ஆண்டுதோறும் சேர்க்கப்பட்ட சாலை நீளத்தை வரைந்து பாருங்கள்; வேகமாக ஏறிய கோடு பிறகு சமதளமாகியிருந்து, பங்களிப்பவர்களின் செயல்பாடு மட்டும் தொடர்ந்திருந்தால், குறிக்க வேண்டியவை பெரும்பாலும் முடிந்துவிட்டன என்று ஊகிக்கலாம். செயல்பாடே நின்றுபோனதால் கோடு சமதளமாகியிருந்தால் அந்த ஊகம் பொருந்தாது. இரண்டாவது, மக்கள்தொகைக் கணிப்பும் இரவு ஒளிப் படங்களும். மக்கள் இருப்பதாக அவை காட்டும் இடத்தில் கட்டடமே இல்லையென்றால் அந்த வெறுமை ஐயத்துக்குரியது. மூன்றாவது, பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, தற்போக்காகச் சில கட்டங்களை அண்மைக்காலச் செயற்கைக்கோள் படத்தில் எண்ணிப் பார்ப்பது. இந்த மூன்றாவது வழியே எனக்கு மிகுந்த நம்பிக்கை அளிப்பது; ஒரு மாலைப்பொழுதில் செய்து முடிக்கக்கூடியதும் அதுவே.

இல்லாதது இடம்பெறுவதற்கு மறக்க முடியாத எடுத்துக்காட்டு பவளக் கடலில் இருந்ததாக நம்பப்பட்ட சாண்டி தீவு. 2012 நவம்பரில் ‘சதர்ன் சர்வேயர்’ என்ற ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் அந்த இடத்துக்குச் சென்றபோது தீவே இல்லை. கடலின் ஆழம் 1,300 மீட்டருக்கும் மேல் இருந்தது. 1876-ஆம் ஆண்டு ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல் தந்த குறிப்பு காகித வரைபடங்களில் ஏறி, அங்கிருந்து உலகக் கடற்கரைத் தரவுத் தொகுப்புகளுக்குள் எண்மமாகி, அவற்றைப் பயன்படுத்திய இணைய வரைபடங்கள் வரை வந்து சேர்ந்திருந்தது. பத்து வரைபடங்கள் ஒரு தீவைக் காட்டுகின்றன என்பதைப் பத்துச் சாட்சிகளாகக் கொள்ளக் கூடாது. அவை பத்தும் ஒரே மூலத்திலிருந்து எடுத்தவையாக இருந்தால், சாட்சி ஒன்றுதான்.

கேள்வி: மென்பொருளின் சரிபார்ப்புக் கருவி ‘பிழை ஏதும் இல்லை’ என்று அறிக்கை தந்துவிட்டால் தரவு தரமானது என்று ஏற்கலாமா?

பதில்: அந்தக் கருவி தரவுக்குள் இருக்கும் முரண்பாடுகளை மட்டுமே காணும்: சந்திப்புப் புள்ளி இல்லாமல் ஒன்றையொன்று வெட்டும் சாலைகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிய நில எல்லைகள், தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் பலகோணங்கள், முனை எட்டாமல் நின்ற கோடுகள் போன்றவை. இவற்றைத் திருத்துவது அவசியமே. சந்திப்புப் புள்ளி ஒன்று விடுபட்டாலும் வழிகாட்டிச் செயலி அந்தத் திருப்பத்தை அறியாமல் நெடுந்தொலைவு சுற்றிப் போகச் சொல்லும். ஆனால் முழுத் தரவும் நூறு மீட்டர் கிழக்கே நகர்ந்திருந்தால், இந்தச் சோதனைகள் அனைத்திலும் அது தேறிவிடும்.

கேள்வி: வரைபடம் சரியாக இருக்கிறது, ஆனால் முகவரியைத் தேடினால் முற்றிலும் வேறோர் இடத்தைக் காட்டுகிறது. இது எதனால்? (அவசர ஊர்திச் சேவையில் பணிபுரியும் வாசகி ஒருவர்)

பதில்: முகவரியை ஆயத்தொலைவாக மாற்றுவது தனியான ஒரு கணிப்பு, கோடுகளின் துல்லியம் அதற்கு உத்தரவாதம் ஆகாது. முழு முகவரி கிடைக்காதபோது மென்பொருள் தெருவின் நடுப்புள்ளிக்கும், தெருவும் கிடைக்காதபோது ஊரின் நடுப்புள்ளிக்கும், ஊரும் கிடைக்காதபோது மாவட்டத்தின் அல்லது நாட்டின் நடுப்புள்ளிக்கும் இறங்கிச் செல்கிறது. திரையிலோ எல்லாமே ஒரே குண்டூசியாகத் தெரிகின்றன. ஓர் ஊரும் அதைச் சூழ்ந்த பரந்த நிர்வாகப் பகுதியும் ஒரே பெயரைக் கொண்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடும், ஏனெனில் அந்தப் பகுதியின் நடுப்புள்ளி ஆளில்லாக் காட்டில் விழலாம்.

2012 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் காவல்துறை வாகன ஓட்டிகளுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. அப்போது புதிதாக வந்திருந்த ஆப்பிள் மேப்ஸ், மில்டுரா என்ற நகரை அதன் உண்மையான இடத்திலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளி, மர்ரே–சன்செட் தேசியப் பூங்காவுக்குள் காட்டியது. வெப்பம் 46 பாகை வரை உயரக்கூடிய, தண்ணீரில்லாத அந்தப் பகுதியில் சிலர் 24 மணி நேரம் வரை சிக்கித் தவித்தார்கள். இதே வகையைச் சேர்ந்த இன்னொரு நிகழ்வு 2016-இல் வெளிச்சத்துக்கு வந்தது. இணைய முகவரிகளுக்கு இடம் கணிக்கும் நிறுவனம் ஒன்று, அமெரிக்கா என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுவே ஒரு முழு எண் ஆயத்தொலைவைக் கொடுத்திருந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் அந்தப் புள்ளியைச் சுட்டின. அது கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டருகே விழுந்ததால், குற்றவாளிகளைத் தேடியவர்கள் ஆண்டுக்கணக்கில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் எந்தத் தவறும் செய்யாதவர்கள். பிறகு அப்புள்ளி ஓர் ஏரியின் நடுவுக்கு மாற்றப்பட்டது.

உங்கள் சேவையில் செய்யக்கூடியது இது: தேடல் முடிவோடு, அது வீட்டு எண் அளவில் பொருந்தியதா, தெரு அளவிலா, ஊர் அளவிலா என்ற குறிப்பும் பெரும்பாலான முகவரிச் சேவைகளிலிருந்து கிடைக்கும். அதைத் திரையில் காட்டச் செய்யுங்கள். ஊர் அளவில் மட்டும் பொருந்திய முடிவுக்குக் குண்டூசிக்குப் பதில் வட்டம் வரையச் சொல்லுங்கள். உங்கள் பழைய அழைப்புப் பதிவுகளில் ஒரே ஆயத்தொலைவு பலமுறை திரும்ப வருகிறதா என்றும் தேடிப் பாருங்கள். தொடர்பில்லாத ஐம்பது அழைப்புகள் ஒரே புள்ளியிலிருந்து வந்ததாகப் பதிவாகியிருந்தால் அது ஏதோ ஒரு நடுப்புள்ளிதான். அட்சரேகையும் தீர்க்கரேகையும் சுழியமாக உள்ள பதிவுகளையும் தனியே எடுங்கள். அவை ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் விழும், ஆயத்தொலைவே கிடைக்காத பதிவுகள்.

கேள்வி: காடு, வயல், நீர் என நிலத்தை மூடியிருப்பவற்றை வகைபிரித்துக் காட்டும் நிலப்போர்வை வரைபடம் ஒன்றின் மொத்தத் துல்லியம் 94 விழுக்காடு என்கிறார்கள். அதைக் கொண்டு காட்டின் பரப்பளவைக் கணக்கிடலாமா? (ஆய்வு மாணவர் ஒருவர்)

பதில்: படக்கூறுகளை (பிக்சல்களை) எண்ணிப் பரப்பளவு சொல்லிவிடாதீர்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். 1,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் உண்மையான காடு 100 சதுர கிலோமீட்டர் என்று கொள்வோம். வரைபடம் காட்டில் பத்தில் ஒரு பங்கைத் தவறவிட்டு, காடல்லாத 900-இல் 5 விழுக்காட்டை, அதாவது 45 சதுர கிலோமீட்டரை, காடு என்று தவறாகக் குறித்தால், அது காட்டும் காடு 135 சதுர கிலோமீட்டர். மொத்தத் துல்லியம் 94.5 விழுக்காடாக இருந்தும், பரப்பளவு 35 விழுக்காடு மிகைப்பட்டுவிட்டது. வரைபடத்தில் காடு என்று நிறமிட்ட இடங்களில் மூன்றில் ஒரு பங்கு காடே அன்று. ஆகவே மொத்த விழுக்காட்டைக் கேட்காமல் பிழை அணியைக் கேளுங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் எவ்வளவு தவறவிடப்பட்டது, எவ்வளவு தவறாகச் சேர்க்கப்பட்டது என்று அதில் தெரியும். தற்போக்கு மாதிரியில் கண்ட அந்த விகிதங்களைக் கொண்டு பரப்பளவைத் திருத்தி, பிழை வரம்புடன் எழுதுங்கள்.

உயரத் தரவிலும் இதே எச்சரிக்கை தேவை. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ராடார் கொண்டு அளக்கப்பட்ட எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு, மரங்களும் கூரைகளும் உள்ள இடங்களில் தரையின் உயரத்தைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது. கடற்கரைப் பகுதிகளில் இந்தச் சார்பைத் திருத்திப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, இன்றைய உயர்ஓத மட்டத்துக்குக் கீழான நிலத்தில் வாழ்பவர்கள் பழைய தரவின்படி 2.8 கோடி, திருத்திய தரவின்படி 11 கோடி என்று மதிப்பிட்டது. சில மீட்டர்ப் பிழை மலைப்பாதைக்குப் பொருட்டன்று; கடலோரத்தில் அது எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட மனிதர்களைக் கணக்கிலிருந்தே மறைத்துவிட்டது.

கேள்வி: நாங்கள் சிறு குழுவாக நீர்நிலைகளைக் கணக்கெடுத்துத் திறந்த தரவாக வெளியிட இருக்கிறோம். தரத்தைப் பற்றி எதையெல்லாம் உடன் எழுத வேண்டும்?

பதில்: இதற்குக் கடல் வரைபடங்களைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. கரையில் பிழையான வரைபடம் நேரத்தை வீணாக்கும், கடலில் அது கப்பலை மூழ்கடிக்கும் என்பதால், அத்துறையினர் தங்கள் ஐயத்தை வரைபடத்திலேயே எழுதும் வழக்கத்தை நெடுங்காலமாகப் பேணி வருகிறார்கள். ‘இடம் ஐயத்துக்குரியது’, ‘இருப்பே ஐயத்துக்குரியது’ என்பவற்றுக்கு அவர்களிடம் தனித்தனிச் சுருக்கக் குறிகள் உண்டு. இன்றைய மின்னணுக் கடல் வரைபடங்களில் ஒவ்வொரு பரப்புக்கும் நம்பிக்கைத் தரநிலை தரப்படுகிறது. உயர்ந்த நிலையில் அமைவிடப் பிழை ஏறத்தாழ 5 மீட்டர், அடுத்ததில் 20 மீட்டர், அதற்கடுத்ததில் 50 மீட்டர், பிறகு 500 மீட்டர் என்று இறங்கி, இறுதியில் ‘மதிப்பிடப்படவில்லை’ என்பதற்கும் ஓர் எழுத்து ஒதுக்கப்பட்டுள்ளது. நிலத்துக்கான பொது வரைபடங்களில் இப்பழக்கம் இன்னும் வேரூன்றாதது எனக்கு வருத்தம் தருகிறது.

நீங்கள் ஒவ்வொரு நீர்நிலையின் பதிவிலும் நான்கு செய்திகளைச் சேருங்கள்: எந்த நாளில் பார்த்தது, நேரில் அளந்ததா படத்திலிருந்து வரைந்ததா, எந்தக் கருவி அல்லது எந்தப் படம், விளிம்பின் ஐயம் எத்தனை மீட்டர். நீர்நிலையின் விளிம்பு பருவத்துக்குப் பருவம் மாறுவதால் நாள் என்பது இங்கே அமைவிடத் துல்லியத்தின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. மழைக்குப் பின் வரைந்த கரையும் கோடையில் வரைந்த கரையும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டில் ஒன்று பிழை என்று முடிவு செய்ய வேண்டாம். நீங்கள் சென்று பார்த்து நீர்நிலை ஏதும் இல்லை என்று உறுதிசெய்த பரப்புகளையும் தனி அடுக்காகத் தாருங்கள். அப்போதுதான் மற்ற வெறுமை ‘இன்னும் பார்க்கப்படாதது’ என்று பயனருக்குப் புரியும். நேரில் சரிபார்க்காத குளங்களுக்கு ‘சரிபார்க்கப்படவில்லை’ என்ற சொல்லை அந்தக் குளத்தின் பதிவிலேயே எழுதுங்கள். அறிக்கையின் முன்னுரையில் மட்டும் அதை எழுதினால், கோப்பைத் தனியே பதிவிறக்கிக்கொண்டு போகிறவர் கண்ணில் அது படாது.